"அரிசி கொடுத்தாச்சு, வீடு கட்டியாச்சு, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களுக்கு



பதிவு கொஞ்சம் நீளம். நாற்பத்தைந்து நிமிடம் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே, இன்னும் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் மனநல ஆலோசகர்கள் வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அதன் கீழே ஒரு வரி: "நாற்பது வருஷமா அரிசி போட்டாச்சு, பணம் கொடுத்தாச்சு, இப்ப வீடும் கட்டியாச்சு. இனிமே மனசையும் நாமதான் தடவிக் கொடுக்கணுமா?" அதற்குச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக. அதே செய்தி என் பழைய மாணவர்கள் குழுவிலும் வந்தது. அங்கேயும் சிரிப்பு. பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் நான் முப்பத்து நான்கு வருடம் சமூக அறிவியல் நடத்தியதற்கு அர்த்தம் இல்லை.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள், 1987 ஜூலைக்குள் மட்டும் 1,34,000 பேருக்கு மேல். 1990இல் மறுபடி போர் மூண்டபோது இன்னொரு லட்சத்துக்கு மேல். 1996இல் ஓர் அலை, 2006இல் ஓர் அலை. மொத்தத்தில் மூன்று லட்சம் பேருக்கு மேல் ராமேஸ்வரம் கரையில் கால் வைத்திருக்கிறார்கள். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வெளிநாடு போனார்கள். இன்றும் தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல்.

இவர்களில் ஒரு பெரும் பகுதி மலையகத் தமிழர் வழி வந்தவர்கள். அதாவது நம் திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகப்பட்டவர்களின் பேரன் பேத்திகள். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று தலைகளைப் பங்கு பிரித்தார்கள். அந்தத் தலைகளில் ஒன்றிடமாவது "உனக்கு எங்கே இருக்க விருப்பம்" என்று கையெழுத்துக்கு முன் யாரும் கேட்கவில்லை. இந்தக் கதையை ஒன்பதாம் வகுப்பில் உங்களுக்கு நான் பாடத்துக்கு வெளியே சொல்லியிருக்கிறேன். மறந்திருந்தால் இப்போது படித்துக்கொள்ளுங்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நல்லது செய்தால் நல்லது என்று சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட்டில் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. பாழடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட முடிவு செய்து, முதல் கட்டமாக 3,510 வீடுகளுக்கு வேலை தொடங்கினார்கள். மாத உதவித் தொகை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்ந்தது. "அகதிகள் முகாம்" என்ற பெயர் "மறுவாழ்வு முகாம்" என்று மாறியது. பத்துக்குப் பத்து அறையில் தார்ச் சீட்டுக்கும் தகரத்துக்கும் கீழே மூன்று தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு ஒரு கான்கிரீட் கூரை எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கேள்வி வீட்டைப் பற்றியது அல்ல. அந்த வீட்டுக்குள் படுப்பவனுக்குத் தூக்கம் வருகிறதா என்பது.

"கவுன்சிலிங்" என்றதும் நம்மவர்களுக்கு இரண்டே படம்தான் தோன்றுகிறது. ஒன்று, கீழ்ப்பாக்கம். மற்றொன்று, குளிர்சாதன அறையில் மணிக்கு ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு "உங்க ஃபீலிங்ஸைச் சொல்லுங்க" என்று கேட்கும் ஆள். இரண்டும் இங்கே பேச்சே இல்லை. இலங்கைத் தமிழர்கள் இதற்கு அழகான சொல் வைத்திருக்கிறார்கள்: உளசமூக ஆதரவு. உள்ளமும் சமூகமும் ஒரே சொல்லில். போரில் சிக்கியவனின் மனம் அவன் மண்டைக்குள் மட்டும் இல்லை, அவன் குடும்பத்திலும் தெருவிலும் வேலையிலும் கோயிலிலும் இருக்கிறது என்று அனுபவித்து அறிந்தவர்களின் சொல் அது.

யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் என்றொரு மனநல மருத்துவர். குண்டு விழுந்த காலத்திலும் அங்கேயே இருந்து வைத்தியம் பார்த்தவர். அவர் எழுதியவற்றின் சாரம் இதுதான்: போர் தனி மனிதனை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்துகிறது. ஒருவரை ஒருவர் நம்புவது போய்விடும், பேச்சு குறைந்துவிடும், நல்லது கெட்டதுக்குக் கூடுவது நின்றுவிடும். ஆகவே மருந்தும் ஊருக்கே போக வேண்டும். அதற்காகத்தான் அங்கே ஆசிரியர்களுக்கும் கிராமத்து ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். மருந்துச் சீட்டு எழுதுபவர்களுக்கு மட்டும் அல்ல.

2007இல் ஐ.நா. அமைப்புகளும் உலகத் தொண்டு நிறுவனங்களும் கூடி இதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் உள்ளதை வீடு கட்டுகிற மாதிரி நான்கு தளமாகச் சொல்லலாம். அஸ்திவாரம்: பாதுகாப்பு, சாப்பாடு, தண்ணீர், கூரை, இவை எல்லாம் மரியாதையோடு கிடைப்பது. அடுத்த தளம்: குடும்பமும் சமூகமும் ஒன்றாக நிற்க உதவுவது. பிரிந்தவர்களைச் சேர்ப்பது, இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய விடுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது. மூன்றாவது: பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர் ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பது. நான்காவது, உச்சியில் உள்ள சின்ன அறை: மனநல மருத்துவர், மருந்து. அந்த அறை சிலருக்குத்தான் தேவைப்படும். அஸ்திவாரம் எல்லோருக்கும் தேவை.

அந்தச் "சிலர்" எத்தனை பேர்? போர் நடக்கிற, நடந்த பகுதிகளில் ஐந்து பேருக்கு ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு இருக்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன மதிப்பீடு. மனச்சோர்வு, பதற்றம், கண்டதே திரும்பத் திரும்பக் கண்முன் வருவது எல்லாம் சேர்த்து. மீதி நால்வருக்குக் கவலை இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்குகிறவனுக்குத் தோள் கொடுப்பதுதான் கீழ்த் தளங்களின் வேலை.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். முகாம் மக்களின் மனக் காயத்தில் ஒரு பகுதி இலங்கையில் ஏற்பட்டது. அதற்கு நாம் பொறுப்பில்லை. இன்னொரு பகுதி இங்கே, நம் மண்ணில், நம் நடைமுறைகளால், இன்று காலை வரை புதிதாக ஏற்பட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு நாம்தான் பொறுப்பு. ஒரு கையால் கிள்ளிக்கொண்டே இன்னொரு கையால் மருந்து தடவ முடியாது. ஆகவே "மனசையும் நாம தடவணுமா" என்று கேட்பவருக்கு என் பதில்: தடவுவது அப்புறம். முதலில் கிள்ளுவதை நிறுத்துவோம்.

எங்கே கிள்ளுகிறோம்? மூன்று இடம் சொல்கிறேன்.

ஒன்று, குடியுரிமை. நம் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, ஒரே முகாம், ஒரே தாய் தகப்பன், ஒரே அடுப்படி. 1986இல் பிறந்த அக்கா சட்டப்படி இந்தியர். 1988இல் பிறந்த தம்பி இலங்கையர். அவன் இலங்கையைக் கடலுக்கு அப்பால்கூடப் பார்த்ததில்லை. அந்த அக்காவுக்கும் உரிமை தானாக வந்துவிடவில்லை. 1986இல் மண்டபத்தில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண், நீதிமன்றம் வரை போய்ப் போராடி, 2024 ஏப்ரல் 19 அன்றுதான் முதல் முறையாக வாக்களித்தார். முகாமிலிருந்து போய் ஓட்டுப் போட்ட முதல் ஆள் என்று செய்தித்தாள்கள் எழுதின. முதல் ஓட்டுப் போடும்போது வயது முப்பத்தெட்டு. நீங்கள் பதினெட்டு வயதில் விரலில் மையோடு செல்ஃபி எடுத்து எனக்கு அனுப்பியவர்கள்.

2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது மூன்று அண்டை நாடுகளைச் சொன்னார்கள். இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று விலக்கு அளித்தது. வரவேற்கிறேன். ஆனால் "உன்னைச் சிறையில் போட மாட்டோம்" என்பது வேறு, "நீ இந்த ஊர்க்காரன்" என்பது வேறு.

இரண்டு, கணக்கெடுப்பு. முகாம் மக்கள் இதைச் "செக்கிங்" என்பார்கள். குறிப்பிட்ட நாளில் அதிகாரி வருவார். எல்லோரும் நேரில் நின்று தலையைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் உதவித் தொகைக்குச் சிக்கல், பதிவுக்குச் சிக்கல். வெளியூர் வேலைக்குப் போனவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் செலவு செய்து திரும்பி வர வேண்டும். 2016 மார்ச்சில் மதுரை திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாமில், மகனுக்கு வருகை பதிவு செய்ய மறுத்ததில் எழுந்த வாக்குவாதத்தைத் தொடர்ந்து ஒரு பெரியவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கடலைத் தாண்டி உயிரோடு வந்த மனிதர். ஒரு வருகைப் பதிவேட்டின் முன்னால் போனார். நான் முப்பத்து நான்கு வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவன். அந்த நோட்டுக்கு அவ்வளவு அதிகாரம் இருக்கக் கூடாது.

மூன்று, சந்தேகம். இதைப் பேசும்போது நம் பக்கத்து ஊரைப் பேசாமல் முடியாது. மறைமலை நகரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போய் வலது பக்கம் திரும்பினால், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர். உங்களில் பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸில் தினமும் போகிற சாலை. 1991 மே 21 இரவு அங்கே நடந்தது நாட்டுக்கே பேரிழப்பு. அதைச் செய்தவர்களை எந்த விதத்திலும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் மறுநாள் காலையில் அந்தப் பழி யார் தலையில் விழுந்தது? குண்டுக்குப் பயந்து ஓடிவந்த, துப்பாக்கியையே வெறுத்த, முகாமில் ரேஷன் வரிசையில் நின்ற சாதாரண மக்கள் தலையில். தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போகத் தடை வந்தது. மேல்படிப்புச் சலுகை நின்றது. 1992இலிருந்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உண்மையிலேயே விரும்பித்தான் போகிறார்களா என்று உலகம் கேட்கத் தொடங்கிய பிறகுதான், அதைச் சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் திறக்க அனுமதி கிடைத்தது. நம் செங்கல்பட்டிலேயே "சிறப்பு முகாம்" என்ற பெயரில் ஒரு சிறை பல வருடம் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் திரும்பத் திரும்ப உண்ணாவிரதம் இருந்ததைப் பேப்பரில் படித்துவிட்டு நாம் அடுத்த பக்கத்தைத் திருப்பினோம். இப்போது அது திருச்சியில் இருக்கிறது.

இந்தச் சந்தேகம் மனதுக்குள் போய் என்ன செய்யும் தெரியுமா? பேச்சையே மாற்றும். என் பணிக்காலத்தின் நடுவில் சில வருடங்கள், முகாம் பிள்ளைகளும் படிக்கிற ஒரு பள்ளியில் இருந்தேன். வகுப்பில் அந்தப் பிள்ளைகள் நம்மைப் போலவே பேசுவார்கள். வாசலில் அம்மா வந்து நின்றால் ஒரு நொடியில் வேறு தமிழ். நண்பன் பக்கத்தில் வந்தால் மறுபடி நம் தமிழ். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாய்மொழியையே ஒளித்துவைக்கிற பழக்கம். ஒரு விண்ணப்பத்தில் "சொந்த ஊர்" என்ற இடத்தை ஒரு பையன் காலியாக விட்டிருந்தான். "அப்பாட்ட கேட்டு எழுதுறேன் சார்" என்றான். மறுநாளும் காலி. "கேட்டியாடா?" என்றேன். "கேட்டேன் சார். அப்பா ஒண்ணும் சொல்லல" என்றான். அந்த அப்பாவின் மௌனத்துக்கு எந்த மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்கும்?

மறைமலை நகர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகக் கூடாது. 2021 செப்டம்பரில் நம் ஊரின் பெரிய கார்த் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தப்போகிறது என்று அறிவிப்பு வந்தது நினைவிருக்கிறதா? அடுத்த ஜூலை வரை பத்து மாதம். உங்களில் சிலர் அப்போது என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டில் அரிசி இருந்தது. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. பிள்ளையின் மீது காரணமில்லாத கோபம். "அடுத்த வருஷம் எங்கே இருப்போம் சார்?" என்ற ஒரே கேள்வி. அப்போது உங்களைப் பார்த்து யாராவது "அதான் அரிசி இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்தப் பத்து மாதத்தை நாற்பது வருடமாக நீட்டிப் பாருங்கள். அதுவும் உங்கள் பிள்ளைக்கும், பிள்ளையின் பிள்ளைக்கும் சேர்த்து. அதுதான் முகாம்.

அந்த நிச்சயமின்மையின் விளைவுகளை முகாமுக்குப் போய் வந்த யாரும் சொல்வார்கள். டிகிரி முடித்த பையன் பெயிண்ட் அடிக்கப் போகிறான். அவனைப் பார்த்துத் தம்பி, "படிச்சு என்ன, கடைசில பிரஷ்தானே" என்று பத்தாவதோடு நிற்கிறான். ஆண்களுக்குக் குடி. பெண் பிள்ளைக்குச் சீக்கிரமே கல்யாணம். இதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் "அவங்க அப்படித்தான், சோம்பேறிங்க" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். நாளை என்பதே இல்லாதவனுக்குச் சேமிக்கவும் படிக்கவும் எங்கிருந்து மனம் வரும்?

சரி, இனி எதிர்க் கேள்விகள். எல்லாவற்றையும் நானே கேட்டுவிடுகிறேன்.

"நம்ம ஊர் ஏழைக்கே மனநல மருத்துவர் இல்ல, இதுல அவங்களுக்கா?" ஏழைக்கு இல்லை என்றால் ஏழைக்கும் கேளுங்கள், நான் உங்களோடு வருகிறேன். ஒருவனுக்கு இல்லாததைக் காட்டி இன்னொருவனுக்கு மறுப்பது வாதம் அல்ல. தவிர, இது சலுகையும் அல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் படியுங்கள். அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறும் உரிமை "ஒவ்வொரு நபருக்கும்" உண்டு என்கிறது. "ஒவ்வொரு குடிமகனுக்கும்" என்று சொல்லவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியும்.

"போர்தான் 2009லயே முடிஞ்சுபோச்சே, திரும்பிப் போகலாமே?" போக விரும்புகிறவர்களைக் கௌரவமாக அனுப்பி வைக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2022 மார்ச்சில் என்ன ஆனது? பால் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வழியில்லாமல் மறுபடி தனுஷ்கோடி மணல் திட்டில் கைக்குழந்தையோடு வந்து இறங்கினார்கள். அவர்களில் முன்பு இங்கே முகாமில் இருந்துவிட்டு, நம்பித் திரும்பிப் போனவர்களும் உண்டு. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் முடித்தவனிடம் "திரும்பிப் போ" என்றால் எங்கே திரும்புவான்?

"இந்தியா தர்மசாலை இல்லன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சே?" ஆமாம், 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் அப்படி ஒரு கருத்து சொல்லப்பட்டது. நீதிமன்றத்தை மதிக்கிறேன், கருத்தோடு பணிவாக மாறுபடுகிறேன். தர்மசாலையில் வந்தவன் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். இவர்கள் நாற்பது வருடமாக நம் சுவர்களுக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள், நம் கட்டடங்களில் கல் சுமந்திருக்கிறார்கள், கடையில் வாங்கும் ஒவ்வொரு சோப்புக்கும் நம்மைப் போலவே வரி கட்டுகிறார்கள்.

"தமிழன்னு சொல்லி உணர்ச்சிவசப்படுத்தாதீங்க சார்." சரி, தமிழை விட்டுவிடுவோம். நம் மாவட்டத்திலேயே கேளம்பாக்கத்தில், மியான்மரிலிருந்து உயிர் தப்பி வந்த ரோகிங்கியா குடும்பங்கள் பத்து வருடத்துக்கு மேலாக ஒரு பழைய அரசுக் கட்டடத்தில் வாழ்கின்றன. அவர்கள் தமிழர் அல்லர். அவர்கள் பிள்ளைகள் இங்கே தமிழில் படிக்கின்றன. நான் சொல்வது அத்தனையும் அவர்களுக்கும் பொருந்தும். பயந்து ஓடி வந்தவனிடம் என்ன மொழி என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் இருந்ததில்லை.

இன்னொரு தரப்பையும் சும்மா விட மாட்டேன். நல்லெண்ணத்தோடு முகாமுக்குப் போகிறவர்கள். ஒரு நாள், ஒரு பேனர், ஒரு மைக், "பாசிட்டிவா இருங்க, பழசை மறந்துடுங்க" என்று நாற்பது நிமிடப் பேச்சு, சமோசா, குரூப் போட்டோ. அடுத்த வருடம் வேறொரு பேனர். பழசை மறக்கச் சொல்ல நாம் யார்? படகில் வந்தபோது கடலில் கை நழுவிய பிள்ளையை ஒரு தாய் எதற்கு மறக்க வேண்டும்? முதல் முறை பார்க்கிற ஆளிடம், மேடைக்கு முன்னால், அவள் எதற்காகத் தன் கதையைச் சொல்ல வேண்டும்? கேட்டுவிட்டு அடுத்த வாரம் வராத ஆள், கேட்காமலே இருந்திருக்கலாம்.

எது பயன்படும் என்பதற்கு நம் கண்முன்னேயே உதாரணம் இருக்கிறது. 1984இல், தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், வெளியாட்களை நம்பாமல் முகாம் மக்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. அதே வரிசையில் தண்ணீர் பிடிக்கிற அக்கா, அதே பேச்சு பேசுகிற அக்கா, வாரா வாரம் வந்து உட்கார்ந்து கேட்கிறாள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் இதே பாடத்தைத்தான் கற்றோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் உள்ளூர் ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பின. சுனாமிக்குச் செய்யத் தெரிந்த நமக்கு, போருக்கு மட்டும் செய்யத் தெரியாதா?

ஆகவே அரசிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு முகாமிலும் முகாமைச் சேர்ந்த படித்த ஒரு பெண்ணுக்கும் ஓர் ஆணுக்கும் உளசமூகப் பயிற்சி கொடுத்து மாதச் சம்பளத்தில் வேலைக்கு வையுங்கள். தன்னார்வலர் என்ற பெயரில் சும்மா வேலை வாங்காதீர்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் மாதம் ஒரு முறை முகாமுக்கு வரட்டும். கணக்கெடுப்பைக் கௌரவமான முறைக்கு மாற்றுங்கள். சிறப்பு முகாமை மூடுங்கள். இங்கே பிறந்தவர்களின் குடியுரிமையைத் தீர்த்து வையுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் எல்லா மாத்திரையிலும் பெரிய மாத்திரை.

உங்களிடம் கேட்பதும் உண்டு. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எச்.ஆர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் மாணவர்களே, முகாம் முகவரியோடு வருகிற விண்ணப்பத்தை "நேஷனாலிட்டி பிரச்சினை" என்று ஓரம் தள்ளுவதற்கு முன் ஒரு முறை சட்டப் பிரிவிடம் கேளுங்கள். அரசு கொடுத்த அடையாள அட்டையோடு தனியார் வேலையில் இருக்கும் முகாம் பிள்ளைகள் பலர் உண்டு. ஆசிரியர்களாக இருப்பவர்களே, வகுப்பில் எல்லோர் முன்னாலும் "முகாம் பிள்ளைங்க எல்லாம் எழுந்திரு" என்று சொல்லாதீர்கள். உதவித் தொகைப் படிவம் வந்தால் தனியே கூப்பிட்டுக் கொடுங்கள். வழக்கறிஞர்களாக இருப்பவர்களே, மாதம் ஒரு குடியுரிமை மனுவை இலவசமாக எடுங்கள். உறவுகளே, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிற தம்பியின் பேச்சில் வேறு தமிழ் தெரிந்தால், "எந்த ஊருப்பா" என்று துருவாதீர்கள். காபி கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். சொன்னால், நடுவில் பேசாமல் கேளுங்கள். பாதி மருத்துவம் அதுதான்.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ மனம் தாங்கவில்லை என்றால் 14416க்கு அழைக்கலாம். அரசின் டெலி-மானஸ் சேவை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். முகாமில் இருப்பவரும் பேசலாம். சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு ஒரு தமிழறிஞரின் பெயர். தொழிற்பேட்டைக்கும் ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறோம். பிறமொழிச் சொல் கலக்காமல் பேசுவதற்கே அவ்வளவு பாடுபட்ட மனிதர். அவர் பெயரில் உள்ள ஊரில் இருந்துகொண்டு, தமிழ் பேசுகிற ஒரு மக்களின் துக்கத்துக்குச் சிரிக்கும் பொம்மை போடுவது நமக்கு அழகல்ல.

கருத்தைக் கீழே எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, எழுத்துப் பிழை இல்லாமல் திட்டுங்கள். மூன்று முகாம் பிள்ளைகளின் விண்ணப்பம் இப்போது என் கையில் இருக்கிறது. இரண்டு பேர் டிப்ளமோ மெக்கானிக்கல், ஒரு பெண் பி.காம். உங்கள் கம்பெனியில் இடம் இருந்தால் எனக்குத் தனியே செய்தி அனுப்புங்கள். சிரிக்கும் பொம்மை போட்ட மூவரிடமிருந்தும் முதலில் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
மறைமலை நகர்.